காந்தப்புலம் வலுத்தால் ஆக்சியான் எல்லாம் ஒளியாகிவிடுமா? மேக்னடார் அருகே ஒளிக்கு என்ன நடக்கிறது?

#1 – நள்ளிரவுநோக்கி

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே கேள்வி மண்டையைக் குடைகிறது. கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) ஆக்சியான் என்ற துகளால் ஆனதாக இருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறதல்லவா? காந்தப்புலத்துக்குள் ஆக்சியான் ஒளித்துகளாக மாறலாம், ஒளித்துகளும் ஆக்சியானாக மாறலாம் என்கிறார்கள். மாறும் வாய்ப்பு புலத்தின் இருமடியாக ஏறுமாம்.

செர்ன் ஆய்வகத்தில் ஆக்சியானைத் தேடிய காஸ்ட் சோதனையின் காந்தம் 9 டெஸ்லா, அதாவது 90,000 காஸ். ஒரு மேக்னடாரின் (மிகமிக வலுத்த காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனின்) மேற்பரப்பில் 10¹⁴ காஸ். நூறு கோடி மடங்குக்கும் மேல்! இருமடி எடுத்தால் 10¹⁸-ஐத் தாண்டுகிறது. அப்படியானால் மேக்னடாரின் ஒளியில் பெரும்பங்கு ஆக்சியானாகி மறைந்திருக்க வேண்டாமா? ஆனால் அவை எக்ஸ்கதிரில் பளிச்சென்று தெரிகின்றன. நான் எங்கே தவறுகிறேன்?

#2 – காந்தமுள்

நல்ல கேள்வி. தவறு ஓரிடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவதை நான் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஆக்சியான் கரும்பொருளுக்காகக் கற்பனை செய்யப்பட்டதல்ல. நியூட்ரானுக்குள் மின்னேற்றம் கொண்ட குவார்க்குகள் இருக்கின்றன. ஆனாலும் நியூட்ரானின் மின் இருமுனைத் திருப்புத்திறன் (உள்ளே நேர், எதிர் ஏற்றங்கள் விலகியிருக்கும் அளவு) அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. அதற்குக் காரணம் தேடி 1977-இல் பெச்சேயும் ஹெலன் குவினும் ஒரு வழி சொன்னார்கள். அந்த வழியில் ஒரு புதிய துகள் தவிர்க்க முடியாமல் வந்துசேரும் என்று 1978-இல் வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியே காட்டினார்கள். அது கரும்பொருளாகவும் இருக்க முடியும் என்பது 1983 வாக்கில்தான் தெரிந்தது. வேறொரு புதிருக்கு வந்த விடை இந்தப் புதிருக்கும் பொருந்துவதால்தான் எனக்கு இந்தத் துகள்மேல் இவ்வளவு ஈடுபாடு.

இனி உங்கள் கேள்வி. ஆக்சியான் ஒளியோடு பிணையும் விதி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் புள்ளிப் பெருக்கல் செய்வது. ஒளியலையின் மின்புலம் விண்மீனின் காந்தப்புலத் திசைக்கு இணையான கூறு கொண்டிருந்தால் மட்டுமே அது ஆக்சியானோடு கலக்கும். குறுக்கே ஆடும் ஒளிக்கு ஆக்சியான் இருப்பதே தெரியாது. ஆக, எவ்வளவு வலுத்த புலமானாலும் ஒளியின் இரண்டு தளவிளைவு நிலைகளில் (ஒளியலை ஆடும் திசைகளில்) ஒன்றைத்தான் தொடும். மேக்னடாரின் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரில் மிகுதியாகத் தப்பி வருவது குறுக்கே ஆடும் நிலைதான் என்று எதிர்பார்க்கிறோம். எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோட்டின் வழியே மட்டுமே எளிதாக ஓட முடியும் என்பதால், குறுக்கே ஆடும் ஒளியைச் சிதறடிக்க அங்கே ஆளில்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அலைநீளம் அக்கா வந்தால் அதை அவரே சொல்வார், அது அவருடைய துறை.

#3 – நள்ளிரவுநோக்கி

நன்றி காந்தமுள் சார். அப்படியே பார்த்தாலும் ஒரு நிலை முழுதாகக் காணாமல் போக வேண்டுமே? 10¹⁸-ஐப் பாதியாக்கினாலும் அது 10¹⁸-தானே!

#4 – அலைநீளம்

அழைத்தீர்கள், வந்துவிட்டேன்.

வலுத்த காந்தப்புலத்தில் வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. 1936-இல் ஹைசன்பெர்க்கும் ஆய்லரும் எழுதிய கோட்பாடு இது. கணநேரம் தோன்றி மறையும் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகள் காந்தப்புலத்துக்கு வளைந்து கொடுக்கின்றன. அதனால் வெற்றிடமே ஒரு படிகம்போல நடந்துகொள்கிறது. ஒளியின் இரு நிலைகளும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. கால்சைட் படிகத்தில் காணும் இரட்டை ஒளிவிலகல்தான், படிகம் மட்டும் இல்லை. இந்த விளைவு கடுமையாகும் எல்லைப் புலம் 4.4 × 10¹³ காஸ். மேக்னடார்கள் அதைத் தாண்டியவை.

ஆக்சியானுக்கும் இதற்கும் என்ன? ஒளி ஆக்சியானாக மாற வேண்டுமானால் இரண்டு அலைகளும் கட்டம் பிசகாமல், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்துப்போய், சேர்ந்தே நடக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் சிறிதளவு மாறி, அந்தச் சிறிதளவுகள் கூடிக்கொண்டே போக வேண்டும். கட்டம் பிசகிவிட்டால் முதல் பாதியில் சேர்த்ததை அடுத்த பாதி அழித்துவிடும்.

கணக்கே போட்டுவிடுகிறேன். 10¹³ காஸ் புலத்தில், ஆக்சியானோடு கலக்கும் நிலைக்கான ஒளிவிலகல் எண் 1-ஐவிட ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு கூடுதல். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்கதிரின் அலைநீளம் 3 ஆங்ஸ்ட்ராம்தான். அந்த ஒளி 0.03 மில்லிமீட்டர் போவதற்குள் ஒரு முழு அலை பிசகிவிடும். விண்மீனோ 12 கிலோமீட்டர் ஆரம் கொண்டது. மேற்பரப்பில் புலம் எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவு விரைவாகக் கட்டம் பிசகுகிறது. மாற்றத்தைத் தூண்டும் அதே புலமே அதற்குக் குறுக்கேயும் நிற்கிறது!

புலம் தொலைவின் மும்மடியாகக் குறைகிறது. கட்டப் பிசகு புலத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே தொலைவின் ஆறாம் அடுக்காகக் குறைகிறது. அதனால் ஓரிடத்தில் பிசகு ஓய்ந்து மாற்றம் கைகூடும். மேற்பரப்பில் 10¹⁴ காஸ் என்று வைத்தால், அந்த இடம் ஏறத்தாழ 130 ஆரத் தொலைவு, அதாவது 1,500 கிலோமீட்டர். அங்கே புலம் 5 கோடி காஸுக்குச் சற்றுக் கீழே. உங்கள் 10¹⁴ எங்கே, இது எங்கே!

ஆனாலும் காஸ்ட்டோடு ஒப்பிட்டால் இது பிரம்மாண்டம்தான். அங்கே 9 டெஸ்லா, 9.26 மீட்டர் நீளம். இரண்டையும் பெருக்கினால் 83. இங்கே 4,700 டெஸ்லா, 15 லட்சம் மீட்டர். பெருக்கினால் சுமார் 700 கோடி. எட்டுக் கோடி மடங்குக்கு மேல் கூடுதல், வாய்ப்புக்கு அதன் இருமடி. இந்த மடங்கு மேற்பரப்புப் புலத்திலிருந்து வருவதில்லை, நீளத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

#5 – ஏன்எப்படி

> வெற்றிடமே ஒரு படிகம்போல நடந்துகொள்கிறது

மன்னிக்கவும், இதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஒரு கருதுகோள் துகளை மறுக்க இன்னொரு கோட்பாட்டு விளைவைக் கொண்டுவருவது எனக்குத் திருப்தியாக இல்லை.

#6 – அலைநீளம்

கேட்க வேண்டிய கேள்விதான். ஹைசன்பெர்க்-ஆய்லர் கோட்பாடு குவாண்டம் மின்னியக்கவியலிலிருந்து நேராக வருவது. ஆக்சியான் இல்லாமல் போகலாம், இது இல்லாமல் போக வழியில்லை. இருந்தாலும் பார்த்த சான்று வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் ஜே1856.5−3754 என்ற தனித்த நியூட்ரான் விண்மீனைச் சொல்லலாம். சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கி அதன் கண்ணுறு ஒளியில் சுமார் 16 சதவீதத் தளவிளைவைக் கண்டது. முடிவு 2017-இல் வெளியானது. மேற்பரப்பின் வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் ஒளி வெவ்வேறு திசையில் ஆடும், கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். வெற்றிட இரட்டை ஒளிவிலகல் இருந்தால்தான் தளம் புலக்கோட்டைப் பற்றிக்கொண்டே வெகுதூரம் வந்து, அங்கே ஒரே திசையில் அமையும். அந்த அளவீட்டின் பிழை வரம்பு ±5 சதவீதம். எனவே முடிந்த முடிவு என்று நானும் சொல்லமாட்டேன், வலுவான அறிகுறி.

#7 – வானொலிச்செவி

எல்லாரும் எக்ஸ்கதிரிலேயே நிற்கிறீர்கள். ஆனால் நள்ளிரவுநோக்கி கேட்டது கரும்பொருளைப் பற்றி. எக்ஸ்கதிர் ஆற்றலுள்ள ஆக்சியான் கரும்பொருள் அல்ல! அது விண்மீனின் கொதிக்கும் உள்ளகத்தில் நியூட்ரான்கள் மோதும்போது பிறப்பது, அல்லது விண்மீனின் ஒளியே மாறி உருவானது. கரும்பொருள் ஆக்சியான் மெதுவானது, ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் ஆற்றல் கிட்டத்தட்ட முழுதும் நிறையாற்றல்தான். 10 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் நிறை என்றால் மாறும்போது கிடைப்பது 2.42 கிகா ஹெர்ட்ஸ் வானொலி அலை. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம்.

வானொலிக் கதையில் குறுக்கே நிற்பது வெற்றிடம் இல்லை. அங்கே பிளாஸ்மாதான் (விண்மீனைச் சூழ்ந்த ஏற்றத் துகள்களின் கூட்டம்) நாயகன், அது தடுக்கவில்லை, உதவுகிறது. வெற்றிடத்தில் ஒளித்துகளுக்கு நிறையில்லை, ஆக்சியானுக்கு உண்டு, சுருதி சேராது. பிளாஸ்மாவுக்குள் ஒளித்துகள் நிறை கொண்டதுபோல நடந்துகொள்ளும். அந்த நிறையை முடிவு செய்வது பிளாஸ்மா அதிர்வெண், அதாவது பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் இயல்பாக ஊசலாடும் வேகம். விண்மீனிலிருந்து விலக விலக எலக்ட்ரான் அடர்த்தி குறைகிறது, அதிர்வெண்ணும் குறைகிறது. எங்கோ ஒரு மெல்லிய அடுக்கில் அது ஆக்சியானின் நிறையோடு சரியாக ஒத்துப்போகும். அங்கே ஒத்ததிர்வு, அங்கேதான் மாற்றம். நியூட்ரான் விண்மீன்களில் இப்படித் தேடலாம் என்று 2009-இல் ப்ஷிர்கோவும் போபோவும் எழுதினார்கள். 2018-க்குப் பிறகு உண்மையான தேடல்கள் வரிசையாக வந்தன.

அடர்த்திக்கு வழக்கமாக எடுப்பது கோல்ட்ரைக்-ஜூலியன் மதிப்பீடு (1969). காஸில் உள்ள புலத்தை 0.07-ஆல் பெருக்கி, சுழற்சிக் காலத்தால் (வினாடியில்) வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை ஏற்றத் துகள்கள் என்று தோராயமாகக் கிடைக்கும். ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும். பால்வெளி மையத்துக்கு அருகே 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட மேக்னடாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுழல 3.76 வினாடி. புலத்தை 10¹⁴ என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

#8 – நள்ளிரவுநோக்கி

போட்டுப் பார்த்தேன்.

மேற்பரப்பில் அடர்த்தி: 7 × 10¹². பிளாஸ்மா அதிர்வெண் என்பது அடர்த்தியின் வர்க்கமூலத்தை 9 கிலோ ஹெர்ட்ஸால் பெருக்கியது. 2.42 கிகா ஹெர்ட்ஸுக்குத் தேவையான அடர்த்தி 7.2 × 10¹⁰. இரண்டுக்கும் விகிதம் 97. அடர்த்தி தொலைவின் மும்மடியாகக் குறைந்தால் 97-இன் கனமூலம் 4.6. ஆக 4.6 ஆரம், 55 கிலோமீட்டர். சரியா?

#9 – வானொலிச்செவி

வழி சரி, ஒரு வகுத்தல் விட்டுப்போயிற்று. 3.76-ஆல் வகுக்கவில்லை. மேற்பரப்பு அடர்த்தி 1.9 × 10¹², விகிதம் 26, கனமூலம் 3-க்குச் சற்றுக் கீழே. 35 கிலோமீட்டர்.

இதில் ரசிக்க வேண்டியது வேறு. ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் வந்த ஆக்சியான் விண்மீனின் ஈர்ப்பில் விழுந்து, 35 கிலோமீட்டரை எட்டும்போது ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது. அங்கே காந்தப்புலம் 4 × 10¹² காஸ். எக்ஸ்கதிர்க் கதையில் 5 கோடி காஸ் வரை விலகிப் போக வேண்டியிருந்ததே, இங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மேற்பரப்பிலேயே பிளாஸ்மா அதிர்வெண் 12 கிகா ஹெர்ட்ஸ்தான், அதாவது 50 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். ஆக்சியான் அதைவிடக் கனமாக இருந்தால் இந்த விண்மீனைச் சுற்றி ஒத்ததிர்வுக்கு இடமே கிடைக்காது.

#10 – கதிர்வேட்டை

இழையை முழுதும் படித்தேன், அருமை. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட, எக்ஸ்கதிரின் தளவிளைவை அளக்கும் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் 4யு 0142+61 மேக்னடாரைப் பார்த்ததே? 2 முதல் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை 15 சதவீதத் தளவிளைவு. 4-5 பக்கம் ஏறத்தாழ பூஜ்யம். அதற்கு மேல் 35 சதவீதம், அதுவும் 90 பாகை திரும்பிய திசையில்! ஆக்சியான் ஒரு நிலையை மட்டும் தொடும் என்று காந்தமுள் சொன்னார். ஒரு நிலை குறைந்து மற்றது மேலோங்கினால் 90 பாகை திரும்பத்தானே செய்யும்? இதுதான் நாம் தேடும் தடயம் இல்லையா?

#11 – அலைநீளம்

அந்தத் தரவை முதலில் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு படபடத்தது. அதனால் உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் இந்த முடிவோடு நான் உடன்படவில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

90 பாகைத் திருப்பம் என்பது இரு நிலைகளில் எது மேலோங்குகிறது என்பது மாறியதற்கு அடையாளம், அவ்வளவே. அது மாற ஆக்சியான் இல்லாமலேயே வழிகள் உண்டு. கண்டறிந்த குழு 2022-இல் முன்வைத்தது: குறைந்த ஆற்றல் ஒளி, இறுகிய திண்மப் பரப்பிலிருந்து வருகிறது, கூடிய ஆற்றல் ஒளி, காந்தக் கோளத்தில் (விண்மீனைச் சுற்றி அதன் காந்தப்புலம் ஆளும் பகுதியில்) ஓடும் எலக்ட்ரான்களில் சிதறி வருகிறது. இரண்டுக்கும் நிலை வேறு. 2023-இல் டாங் லாய் வேறு விளக்கம் தந்தார்: விண்மீனின் மெல்லிய வளிமண்டலத்தில் பிளாஸ்மாவின் விளைவும் வெற்றிடத்தின் விளைவும் சமன்படும் ஓர் அடர்த்தி உண்டு, அங்கே ஒளி ஒரு நிலையிலிருந்து மற்றதுக்குத் தாவலாம், தாவுமா என்பது ஆற்றலைப் பொறுத்தது.

ஆக்சியான் இதைச் செய்ய வேண்டுமானால், ஏற்கெனவே மேலோங்கியிருந்த நிலையை விழுங்க வேண்டும், அதுவும் சரியாக 4-5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி. அந்தக் குறிப்பிட்ட ஆற்றலுக்கு ஆக்சியானிடம் இயல்பான காரணம் எதுவும் இல்லை. மாற்ற வாய்ப்பு ஆற்றலோடு மெல்ல மெல்ல மாறுவது, பட்டென்று திரும்புவதல்ல. தெரிந்த இயற்பியலாலேயே விளக்க முடிகிற ஒன்றைத் தடயம் என்று எடுத்துக்கொண்டால், நாளை உண்மையான தடயம் வரும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு இதைவிடச் சுவையானது முன்பு சொன்ன அதே ஆர்எக்ஸ் ஜே1856.5−3754. அதன் மேற்பரப்பு வெப்பத்தை வைத்துப் பார்த்தால் 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எதுவும் வரக்கூடாது. ஆனால் எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா என்ற எக்ஸ்கதிர் விண்தொலைநோக்கிகளின் தரவுகளில் ஒரு கூடுதல் ஒளி தெரிகிறது என்று 2020-இல் ஒரு குழு காட்டியது. உள்ளகத்தில் பிறந்த ஆக்சியான்கள் வெளியே வந்து, தொலைவில் எக்ஸ்கதிராக மாறினால் அப்படித் தெரியலாம். அப்படிப் பிறந்த ஒளி முழுதும் புலத்துக்கு இணையான நிலையில்தான் வரும். அந்தக் கூடுதல் ஒளியின் தளவிளைவை அளக்க முடிந்தால் பெரிய விஷயம். ஆனால் அது மிகமிக மங்கல்.

#12 – ஏன்எப்படி

வானொலிச்செவியிடம் ஒன்று. கோல்ட்ரைக்-ஜூலியன் மதிப்பீடு மேக்னடாருக்குப் பொருந்துமா? முறுக்கிய புலக்கோடுகளும் வெடிப்புகளும் கொண்டவை அவை. அங்கே பிளாஸ்மா அவ்வளவு ஒழுங்காகவா உட்கார்ந்திருக்கும்?

#13 – வானொலிச்செவி

இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இது. பொருந்தாது என்பதே நேர்மையான பதில். முறுக்கிய புலத்தில் மின்னோட்டம் ஓட வேண்டும், அதற்கு ஏற்றத் துகள்கள் பல மடங்கு கூடுதலாக வேண்டும். என் 35 கிலோமீட்டர் அதனால் வெளியே தள்ளிப் போகும், 50 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் எல்லையும் உயரும். அதனால்தான் தேடுபவர்கள் பலர் அமைதியான, வயதான நியூட்ரான் விண்மீன்களை விரும்புகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் வானொலித் தொலைநோக்கி கொண்டு ஜே0806.4−4123 என்ற தனித்த விண்மீனைப் பார்த்தார்கள். கிரீன் பேங்க், எஃபல்ஸ்பெர்க் தொலைநோக்கிகளிலும் தேடினார்கள். கோடு (ஒரே அதிர்வெண்ணில் தெரியும் கூர்மையான குறி) எதுவும் கிடைக்கவில்லை, ஆக்சியான் ஒளியோடு எவ்வளவு வலுவாகப் பிணையலாம் என்பதற்கு வரம்புகள் கிடைத்தன.

பால்வெளி மைய மேக்னடாரை விடவும் மனம் வராது. கரும்பொருள் அங்கே குவிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். எவ்வளவு குவிந்திருக்கும் என்பதில்தான் சிக்கல்: கூர்மையாகக் குவிந்திருந்தால் ஒரு விடை, மழுங்கியிருந்தால் வேறு விடை. விஎல்ஏ வானொலித் தொலைநோக்கியின் தரவைக் கொண்டு அந்த மேக்னடாரிலிருந்து தந்த வரம்புகள் இந்த அனுமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அந்த வரைபடங்களைப் பார்க்கும்போது எந்த அடர்த்தியை எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள், பிறகு கோட்டைப் பாருங்கள்.

#14 – காந்தமுள்

இடையில் ஒரு சிறு சேர்க்கை. ஆக்சியான் போன்ற துகள் மிகமிக இலேசாக, 10⁻²² எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருந்தால் கதையே வேறு. அப்போது மாற்றம் பேச்சில்லை. விண்வெளி முழுதும் நிரம்பிய ஒரு புலமாக அது ஊசலாடும், ஒரு ஆட்டத்துக்கு 1.3 ஆண்டு. அதன் வழியே வரும் ஒளியின் தளம் முன்னும் பின்னும் மெல்லத் திரும்பும். காந்தப்புலமே தேவையில்லை. பல்சார்கள் (துடிப்புத் துடிப்பாக அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்கள்) இங்கே தளத்தின் திசையைக் காட்டும் விளக்குகள் மட்டுமே.

காந்தப்புலம் கொண்ட பிளாஸ்மா ஒளியின் தளத்தைத் திருப்பும் பாரடே சுழற்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். இது எல்லா அலைநீளத்துக்கும் ஒரே கோணம். பல அதிர்வெண்களில் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

#15 – நள்ளிரவுநோக்கி

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. நாளைக்கே ஒரு மேக்னடாரில் மெல்லிய வானொலிக் கோடு ஒன்று கிடைக்கிறது என்று வைப்போம். அது ஆக்சியான்தான் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு விண்மீனிலும் ஒத்ததிர்வு வெவ்வேறு உயரத்தில் நடக்கிறது. ஈர்ப்புச் சிவப்புப் பெயர்ச்சியும் (ஈர்ப்பை மீறி வெளியேறும் ஒளி இழக்கும் அதிர்வெண்) ஒவ்வொரு உயரத்துக்கும் வேறு. அப்படியானால் கோடும் ஒவ்வொரு விண்மீனிலும் இடம் மாறித்தானே தெரியும்?

#16 – வானொலிச்செவி

மாறாது. இதுதான் இந்தத் தேடலில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம்.

ஆக்சியான் விழும்போது ஈர்ப்பிலிருந்து ஆற்றல் பெறுகிறது. ஒளியாக மாறி வெளியேறும்போது அதே ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில் நடப்பதால் வரவும் செலவும் சரியாக நேராகிவிடும். தொலைவில் கிளம்பியபோது ஆக்சியானிடம் என்ன ஆற்றல் இருந்ததோ அதே ஆற்றலோடு வானொலி அலை நம்மிடம் வந்து சேரும். மாற்றம் 35 கிலோமீட்டரில் நடந்தாலும் சரி, 100-இல் நடந்தாலும் சரி. சுழலும் காந்தக் கோளம் கோட்டைச் சற்று அகலமாக்கும். விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ ஓடுவதால் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நகரும், அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மற்றபடி வலுத்த புலம், மெலிந்த புலம், இளைய விண்மீன், முதிய விண்மீன் எல்லாவற்றிலும் ஒரே அதிர்வெண். மேசரோ (விண்வெளி வளிமம் பெருக்கி அனுப்பும் வானொலி அலை) மூலக்கூறுக் கோடோ என்றால் அதன் கூட்டாளிக் கோடுகளும் பட்டியலில் இருக்கும். நம் கோடு தனியாக நிற்கும், இரண்டாவது விண்மீனிலும் அதே இடத்தில் நிற்கும்.

அந்த அதிர்வெண் கையில் கிடைத்துவிட்டால், ஏடிஎம்எக்ஸ் போன்ற, ஆக்சியானைத் தேடும் ஆய்வகச் சோதனைகள் ஒத்ததிர்வுப் பெட்டியை நேராக அங்கே சுருதி சேர்க்கலாம். இப்போது அவர்கள் மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்டின் சிறு பின்னங்களாக, ஆண்டுக்கணக்கில் தடவிக்கொண்டு போகிறார்கள். 2018-இல் அவர்கள் அறிவித்தது 2.66 முதல் 2.81 வரை மட்டும்.

#17 – நள்ளிரவுநோக்கி

வரவும் செலவும் நேராகும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஆமாம், உயரம் இருபக்கமும் அடிபட்டுப் போகிறது. 3.76-ஆல் வகுக்கவும் இம்முறை மறக்கவில்லை. அடுத்து ஜே0806.4−4123-க்கு அதே கணக்கைப் போட்டுவிட்டு இங்கேயே பதிவிடுகிறேன்.